பால் ஜீப்

முந்தின நாளே காசு வைத்துவிட்டுப் போனாள் அவிகாயில்.
நாளைக்குப் பணத்தைத் தொடமாட்டார்களாம்.
"ஆறு விருப்பாச்சிப் பழம் எடுத்து வையுங்கள்,
ஹில்லேல் வருவான்.
போன வருஷம் ஒன்பது மணி வரை இருந்தான்,
இந்த வருஷம் பத்து.
அதற்கு முன் கேட்டால் கொடுத்துவிடுங்கள், மறுக்கவேண்டாம்.
வேண்டுமா என்று மட்டும்
நீங்களாகக் கேட்காதீர்கள்."

கேட்டால் கொடு. கேட்காதே.
இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பதென்று
ராத்திரியெல்லாம் புரண்டேன்.
எங்கள் வீட்டில் இவ்வளவு பேச்சில்லை;
பெரிய வெள்ளியன்று கஞ்சியைத் திருடிக் குடித்தேன்,
கரண்டிக் காம்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

வட்டக்கானலில் அன்று மழை விட்டு மஞ்சு ஏறியிருந்தது.
வெள்ளைச் சட்டையும் நீல ரப்பர் செருப்புமாக வந்தான்.
தோல் செருப்பு ஆகாத நாள்.
மேல் வீட்டில் பெரியவர்கள் பாடுவது
விட்டு விட்டுக் கேட்டது.
முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.
அவன் வயிறு ஒருமுறை சத்தம் போட்டது.
நாய்தான் என்பதுபோல் நாயைப் பார்த்தான்.

பழச்சீப்பு அவன் தலைக்கு மேலேயே தொங்கியது.
அதை அங்கே மாட்டியவள் நான்.

ஒன்பது இருபதுக்கு
சீயக்காய் எடுக்கிற சாக்கில் ஸ்டூலில் ஏறி
சோப்புக் கம்பெனி கடிகாரத்தின் முள்ளை
நாற்பது நிமிஷம் தள்ளினேன்.
இறங்கி, அவனிடம் அல்ல, சுவரிடம்,
"பத்தாயிடுச்சு போல" என்றேன்.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான்.
பிறகு ரோட்டைப் பார்த்தான்.
"பால் ஜீப் இன்னும் வரலையே, பிலோமிக்கா."

ஒன்பதே முக்காலுக்கு வரும் ஜீப்.
அன்றைக்குப் பார்த்து வளைவில் மரம் விழுந்து கிடந்திருக்கிறது.
நிஜப் பத்து வந்தது. பத்தே கால் வந்தது.
போனை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
இந்தத் தடவை நிஜமாகவே ஆச்சுடா என்று
எந்த வாயால் சொல்வேன்?

பத்து நாற்பதுக்கு ஜீப்பின் ஹாரன்.
அப்போதும் எழவில்லை.
முக்காலுக்கும் பத்துக்கும் இடையில் கால் மணி பாக்கி;
அதை அவர்கள் பாஷையில்
தொள்ளாயிரம் வரை எண்ணினான்.
எண்ணூற்றுச் சொச்சத்தில் தடுமாறி
கொஞ்சம் பின்னாலிருந்து மறுபடி எண்ணினான்.
அப்புறம்தான் கை நீட்டினான்.
தோலை உரித்துவிட்டு
உதட்டுக்குள் ஏதோ சொன்னான், பழத்துக்கான சொல்.
இரண்டு தின்றான்.
மூன்றாவதைத் திருப்பி மாட்டச் சொன்னான்.

சாயங்காலம் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடியும்.
எங்கே தெரிய?
மேலே மஞ்சு மூடிக் கிடக்க,
கீழே ஒரு கிழிசல் வழியாகப்
பெரியகுளத்து விளக்குகள் கொட்டிக் கிடந்தன.
"அங்க பாரு, முந்நூறு இருக்கு" என்றேன்.
"அது கீழ" என்றான், பொறுமையாக.
பிறகு அவன் அப்பா கதவைத் திறந்து
தாளில் அச்சிட்ட நேரம் வந்துவிட்டதென்றார்.
காணாத நட்சத்திரத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அவிகாயிலிடம் முள்ளைத் தள்ளியதைச் சொல்லிவிட்டேன்.
சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.
"ஜீப் லேட் என்றுதான் சொன்னான்" என்றாள்
ரொட்டியைப் பிட்டுக்கொண்டே.

மறுநாள் முட்டைக்கு வந்தான்.
வழக்கம்போல் ஒவ்வொன்றாகக்
கண்ணாடித் தம்ளரில் உடைத்துப் பார்த்தான்.
ரத்தப் பொட்டு இருந்தால் நாய்க்கு,
இல்லாவிட்டால் தூக்குவாளிக்கு.
நான் டார்ச் பிடித்தேன்.
"அடுத்த வருஷம் பதினொண்ணு" என்றான்.
கடிகாரம் அப்போதும் நாற்பது நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.
நாய்க்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.